பல் கிளினிக்குக்கு ஒரு குட்டி எம்.ஆர்.ஐ.: இப்போதே முன்பணம் கட்டலாமா?

கடிதம் எழுதியவர் ஒரு பல் மருத்துவர். சொந்தமாக இரண்டு நாற்காலி போட்ட கிளினிக் நடத்துகிறார், சி.பி.சி.டி. எந்திரமும் (தாடையை எக்ஸ்-ரே மூலம் முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்கேன்) வைத்திருக்கிறார். பல்லுக்கென்றே தயாரித்த சின்ன எம்.ஆர்.ஐ. ஒன்று சீக்கிரம் வருகிறது, இப்போதே முன்பணம் கட்டினால் நல்ல தள்ளுபடி என்று ஒரு புது நிறுவனத்திலிருந்து வந்து பேசியிருக்கிறார்கள். கதிர்வீச்சு கிடையாது, தனி அறை வேண்டாம், சாதாரண மின் இணைப்பிலேயே ஓடும், இரண்டு மூன்று வருடத்தில் சி.பி.சி.டி.யைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது அவர்கள் வாக்கு. எக்ஸ்-ரே என்றதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும் பெற்றோர், ரூட் கேனல் முடிந்தும் வலி தீராதவர்கள், வாய் திறக்கும்போது தாடை மூட்டில் சத்தம் வருகிறவர்கள் என்று பலரும் இவரிடம் வருவதால் ஆசை வந்துவிட்டது; கடன் வாங்கலாமா என்று யோசிக்கிறார். வாயில் உலோகம் இருந்தால் படமே வராது என்கிறார்களே, அது உண்மையா, படத்தை நானே படித்துக்கொள்ள முடியாதா என்றும் கேட்டிருக்கிறார். கடைசி வரியில், ஒரு மாதமாகக் கீழுதடு ஒரு பக்கம் மரத்துப்போன ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லி, "இவருக்கெல்லாம் அந்த எந்திரம் உதவும்தானே?" என்று முடித்திருக்கிறார்.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், டாக்டர். பல் பிடுங்கவில்லை, ஊசி போடவில்லை, அடிபடவில்லை, ஓ.பி.ஜி.யிலும் (இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்-ரே) ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உதடும் முகவாயும் மரத்துக்கிடக்கிறது என்றால் அந்த நோயாளி எந்தப் புது எந்திரத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. காரணம் தெரியாத முகவாய் மரப்பு, சில பேருக்கு உடம்பில் வேறெங்கோ இருக்கும் புற்றுநோய் தாடைக்கோ மண்டையோட்டின் அடிப்பகுதிக்கோ பரவியதன் முதல் அடையாளமாக இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இல்லை, ஆனாலும் அது இல்லை என்று உறுதியாகும் வரை விடக்கூடாத அறிகுறி. இந்த வாரமே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். முகத்தின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டிலிருந்து முகவாய் வரை முழுப் பாதையும் தெரிகிற மாதிரி, கான்ட்ராஸ்ட் மருந்தோடு எம்.ஆர்.ஐ. தேவை என்று கடிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். "தாடை எம்.ஆர்.ஐ." என்று மட்டும் எழுதினால் தாடையை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள், மேலே இருக்கும் பிரச்சினை படத்துக்கு வெளியே போய்விடும்.

சரி, இப்போது எந்திரத்துக்கு வருவோம். முன்பணம் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன், குறைந்தபட்சம் இப்போதைக்கு. பல்லுக்கான எம்.ஆர்.ஐ. பொய் இல்லை, ஏமாற்று வேலையும் இல்லை, வாய் மற்றும் தாடை ரேடியாலஜி பார்க்கிற எனக்கு அதில் நிறைய ஆர்வம் உண்டு. ஆனால் உங்களிடம் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை, பாதி இன்னும் ஆய்வகத்தைத் தாண்டாத விஷயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள்.

படம் எங்கிருந்து வருகிறது

எம்.ஆர்.ஐ. பார்ப்பது ஹைட்ரஜனை, அதாவது பெரும்பாலும் தண்ணீரையும் கொழுப்பையும். பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழில் தண்ணீர் நிறைய, அதனால் பளிச்சென்று தெரிகிறது. எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஹைட்ரஜனும் சிக்னலைக் கொடுத்த வேகத்திலேயே, ஒரு மில்லி விநாடியின் சிறு பகுதிக்குள், இழந்துவிடுகிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வரிசைகள் (அதாவது படம் எடுக்கும் முறைகள்) சிக்னலைக் கேட்கத் தொடங்குவதற்குள் பல்லின் சிக்னல் முடிந்துபோயிருக்கும், அதனால்தான் அந்தப் படங்களில் பல் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது.

இதைச் சமாளிக்க வழி இல்லாமல் இல்லை. சிக்னல் பிறந்த கணத்திலேயே பிடிக்கிற வரிசைகள் வந்துவிட்டன. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்விஃப்ட் என்ற முறையில், உயிருள்ள மனிதர்களின் பல்லையே 2011-ல் படம் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அதெல்லாம் வலுவான காந்தத்தில் நடந்தது. காந்தத்தின் வலு குறையக் குறைய சிக்னலும் மெலிகிறது, இங்கேதான் மலிவு எந்திரத்தின் மூச்சு முட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காந்தத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். மருத்துவமனையில் இருக்கும் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் 0.26 டெஸ்லா எந்திரத்தில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் தோராயமாக ஆறில் ஒரு பங்கு. திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போட்டு அதை ஈடுகட்டலாம், ஆனால் முப்பது மடங்குக்கு மேல் நேரமாகும். நுணுக்கம் கூட்டினால் இதைவிட மோசம்: படத்தின் சின்னக் கட்டம் ஒவ்வொன்றையும் அரை மில்லிமீட்டரிலிருந்து கால் மில்லிமீட்டர் ஆக்கினால் அதற்குள் இருக்கும் பொருள் எட்டில் ஒரு பங்காகிவிடும், பழைய தெளிவு வேண்டுமென்றால் 64 மடங்கு நேரம். மூன்று நிமிட ஸ்கேன் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். நாக்கை அசைக்காமல், எச்சில் விழுங்காமல் அவ்வளவு நேரம் யார் படுத்திருப்பார்கள்?

0.26 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு ஆராய்ச்சிக் குழு, பல்லை மனதில் வைத்தே தாங்களாகக் கட்டிய 0.26 டெஸ்லா எந்திரத்தில், கடினத் திசுவையும் மென் திசுவையும் ஒரே படத்தில் காட்டி 2020-ல் கட்டுரை வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் அவர்கள் எடுத்தது பிடுங்கிய மனிதப் பற்களையும், ஒரு முயல் தலையையும், மாட்டுத் தொடை எலும்பில் ஒரு பகுதியையும். அவர்களே அதை மருத்துவப் பயன்பாட்டுக்கு முந்தைய எந்திரம் என்றுதான் சொன்னார்கள். விற்பனைப் பேச்சில் இந்த மாதிரி விவரம்தான் முதலில் காணாமல் போகும்.

இன்னொரு பக்கத்தில், சீமென்ஸ் ஹெல்தினீர்ஸும் டென்ட்ஸ்ப்ளை சிரோனாவும் சேர்ந்து பல் மருத்துவத்துக்கென ஒரு எம்.ஆர்.ஐ.யைக் கொண்டு வந்திருக்கின்றன. 0.55 டெஸ்லா. முழு உடம்பு எடுக்கிற மேக்னெட்டோம் ஃப்ரீ.மேக்ஸ் எந்திரத்தோடு பல்லுக்கான காயிலும் (சிக்னலைப் பிடிக்கும் சுருள்) மென்பொருளும் சேர்த்தது. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் ஒரு லிட்டருக்கும் குறைவாகப் போதும், பழைய எந்திரங்களுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் தேவைப்பட்டதை நினைத்தால் பெரிய மாற்றம்தான். ஆனாலும் எந்திரம் மூன்று டன்னுக்கு மேல் எடை. இரண்டு நாற்காலி கிளினிக்குக்குள் நுழைகிற சாமான் இல்லை, பல்கலைக்கழகப் பல் மருத்துவமனைக்கோ பெரிய ஸ்கேன் மையத்துக்கோ பொருந்தும்.

சி.பி.சி.டி.யைத் தூக்கிப் போட முடியுமா?

முடியாது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடன் கணக்கே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. சி.பி.சி.டி. கால் மில்லிமீட்டருக்கும் நுணுக்கமாக, சில விநாடிகளில் எலும்பைக் காட்டுகிறது. இம்ப்ளாண்ட் போட எலும்பின் அகலம் அளப்பது, வேர்க் கால்வாயின் வளைவு, இரண்டு பல் இடுக்கில் சின்னதாகத் தொடங்கும் சொத்தை (அதற்கு சி.பி.சி.டி.கூட வேண்டாம், சாதாரண பைட்விங் எக்ஸ்-ரே போதும்) ஆகியவற்றில் குறைந்த காந்த எம்.ஆர்.ஐ. கிட்டவே வராது. மலிவான காந்தங்களில் புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, அதனால் படம் லேசாக வளையும் அபாயமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் வளைவு, நரம்புக்குப் பக்கத்தில் இம்ப்ளாண்ட் போடுகிறவருக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. வெல்லும் இடங்கள் வேறு. தாடை மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் எங்கே நகர்ந்திருக்கிறது, வாய் திறக்கும்போது திரும்பி வருகிறதா என்பதற்கு இன்றைக்கும் அதுதான் முதல் தேர்வு. எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதை அது சீக்கிரமே காட்டுகிறது. பல்நுனி எக்ஸ்-ரேயில் எலும்பு அழிவு கண்ணில் பட வேண்டுமானால் தாது கணிசமாகக் கரைந்திருக்க வேண்டும், எலும்பின் கெட்டியான வெளி ஓடும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன்பே மஜ்ஜை அழற்சி எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். ரூட் கேனல் முடிந்தும் வலி தீராத உங்கள் நோயாளிகளில் சிலருக்கு இது உண்மையிலேயே உதவலாம். எல்லோருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், சிலரின் வலி பல்லில் இருந்தே வராது. படம் சுத்தமாக இருப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் விடை, இன்னொரு முறை ரூட் கேனலைத் திறக்காமல் இருக்க அதுவும் போதும். கீழ்த்தாடை நரம்பு, நாக்கு நரம்பு, எச்சில் சுரப்பி, கட்டி, இவையெல்லாம் எம்.ஆர்.ஐ.யின் சொந்த ஊர்.

இப்போது நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். போன ஆறு மாத நோயாளிப் பதிவேட்டைத் திறந்து, எக்ஸ்-ரேயும் சி.பி.சி.டி.யும் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்தபின் நீங்களே விற்பனையாளரிடம் வேறு மாதிரி பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். எந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாரத்துக்கு ஒரு நோயாளிதான் அதில் படுப்பார் என்றால் அது மலிவு இல்லை. அதைவிட எனக்குப் பெரிய கவலை, கடன் தவணை கட்டுவதற்காகத் தேவையில்லாதவர்களையும் அதில் படுக்கவைக்கத் தோன்றும். உங்களைக் குறை சொல்வதற்காக இல்லை, எந்திரம் வாங்கிய யாருக்கும் அந்த அழுத்தம் வரும்.

கதிர்வீச்சு இல்லை, சரி. ஆபத்து?

பெற்றோரின் பயத்தை முதலில் பார்ப்போம். உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்தே வருடத்துக்குச் சுமார் 2.4 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு பெறுகிறார். ஒரு சின்னப் பல் எக்ஸ்-ரே அதில் சில மணி நேரங்களிலிருந்து ஓரிரு நாள் பங்கு. சி.பி.சி.டி. எந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்து நிறைய மாறும், சில நாட்களிலிருந்து சில மாதங்கள் வரை போகலாம். பிள்ளைகள் விஷயத்தில் கவனம் கட்டாயம் வேண்டும், தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, பரப்பைச் சுருக்க வேண்டும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையைப் பல நிமிடம் அசையாமல் வைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால், அந்த மயக்கத்தின் ஆபத்து ஒரு சின்ன எக்ஸ்-ரேயின் ஆபத்தைவிடப் பெரியது. இதைப் பெற்றோரிடம் உட்காரவைத்துச் சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது காந்தம். 0.26 டெஸ்லா என்றால் சின்ன எண்ணாகத் தெரியும், பூமியின் காந்தப் புலத்தைப் போல ஐயாயிரம் மடங்கு அது. மலிவு எந்திரங்கள் பெரும்பாலும் நிரந்தரக் காந்தத்தில் செய்யப்படுகின்றன, அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. இரவு கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போன பின்னும், தரையைத் துடைக்க ஆள் வரும்போதும் அது காந்தமாகவே இருக்கும். பல் கிளினிக்கைப் போல சின்னச் சின்னக் கூர்மையான இரும்பு இவ்வளவு கிடக்கும் இடம் வேறு எது? பர், ஃபைல், எலிவேட்டர், ஃபோர்செப்ஸ், அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டர். 2001-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டுபோன ஆக்சிஜன் சிலிண்டர் பறந்து போய் உள்ளே படுத்திருந்த சிறுவனின் உயிரைப் பறித்தது. அது பெரிய காந்தம், உண்மைதான். சின்னக் காந்தத்தில் இழுக்கும் எல்லை குறுகலாக இருக்கும், ஆனால் அதனாலேயே பக்கத்தில் போகும் வரை எச்சரிக்கையும் கிடைக்காது.

பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, மூளை ரத்தக்குழாய்க் கிளிப், கண்ணில் உலோகத் துகள் போன்றவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் ஒருவரையும் உள்ளே விடக் கூடாது. உங்கள் வரவேற்பறை ஊழியரிலிருந்து உதவியாளர் வரை எல்லோருக்கும் பயிற்சி வேண்டும். "குறைந்த காந்தம், அதனால் கேள்வித்தாள் வேண்டாம்" என்று விற்பனையாளர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தனி அறை வேண்டாம் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் ஸ்வூப் என்ற 0.064 டெஸ்லா எந்திரம் வெளி ரேடியோ அலைகளைத் தடுக்கும் கூண்டு கட்டிய அறை இல்லாமல் படுக்கைக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது, 2020-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதியும் வாங்கியது. ஆனால் அது தலைக்குள் பார்ப்பதற்கு, பல்லுக்கு இல்லை. 0.26 டெஸ்லாவில் எந்திரம் கேட்கும் அலைவரிசை 11 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது, சிற்றலை வானொலி ஓடும் இடம். பக்கத்து அறையில் ஸ்கேலரும், கம்ப்ரஸரும், எல்.இ.டி. விளக்கின் மின்சாதனங்களும் அதே இடத்தில் இரைச்சல் போடலாம். ஏற்கெனவே மெலிந்த சிக்னலில் அது கலந்தால் படம் என்னவாகும் என்று யாராவது காட்டினால்தான் நம்ப வேண்டும்.

வாயில் உலோகம் இருந்தால்

படமே வராது என்பது மிகை. எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. அமால்கம், தங்கம் பெரிய தொல்லை தருவதில்லை. சிர்கோனியா கேப், கலர் ஃபில்லிங், ரூட் கேனலை அடைக்கும் கட்டா-பெர்ச்சா எல்லாம் பரவாயில்லை. டைட்டானியம் இம்ப்ளாண்ட் தன்னைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டத்தைப் போட்டுவிடும், தள்ளி இருப்பதைப் பார்க்கலாம். எவர்சில்வர் கிளிப்பும் கம்பியும், கோபால்ட்-குரோம் பல்செட்டும்தான் படத்தைக் கெடுக்கும், கழற்றக்கூடியதைக் கழற்றிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் குறைந்த காந்தம் நிஜமாகவே உதவுகிறது, காந்தம் குறையக் குறைய உலோகத்தின் சிதைவும் குறைகிறது. குறைந்த காந்தத்தின் பக்கம் நான் முழுசாக நிற்பது இந்த இடத்தில்தான்.

படத்தை யார் படிப்பது?

தாடை மூட்டு டிஸ்க்கைப் படிக்க நீங்கள் பழகிக்கொள்ளலாம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே படத்தில் சைனஸ், எச்சில் சுரப்பி, சில நேரம் மண்டையோட்டின் அடிப்பகுதியும் விழும். எடுத்த படத்தில் தெரிகிற எல்லாவற்றுக்கும் எடுத்தவர் பொறுப்பாளி. "நான் பல்லை மட்டும்தான் பார்த்தேன்" என்பதை நோயாளியும் ஏற்க மாட்டார், சட்டமும் சுலபமாக ஏற்காது. ரேடியாலஜிஸ்ட் அறிக்கைக்கு ஏற்பாடு செய்யாமல் எந்திரம் வாங்கவே கூடாது. இரைச்சலை நீக்கச் செயற்கை நுண்ணறிவு சேர்த்திருக்கிறோம் என்பார்கள். அது பல நேரம் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் சிக்னல் ரொம்பக் குறைவாக இருந்தால் மென்மையாக்கும் சாக்கில் சின்ன விரிசலை அழித்துவிடவும் கூடும், இல்லாத விளிம்பை வரைந்துவிடவும் கூடும். சுத்தம் செய்யாத படத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்

உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் 1.5 அல்லது 3 டெஸ்லா வைத்திருக்கும் ஸ்கேன் மையத்தோடு பேசுங்கள். அந்த எந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களுக்குத் தேவை அதில் சில மணி நேரம்தான். தாடை மூட்டுக்கு வாய் மூடியும் திறந்தும் எடுப்பது, பல்நுனிக்குக் கொழுப்பு சிக்னலை அடக்கி மெல்லிய துண்டுகளாக எடுப்பது என்று இரண்டு மூன்று நெறிமுறைகளை அவர்களின் ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து முடிவு செய்துகொண்டால், உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றைக்கே பதில் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் எந்தப் பல், எந்தப் பக்கம், எதைத் தேடுகிறீர்கள் என்று எழுதி அனுப்ப வேண்டும், அதில் சோம்பல் கூடாது. ஒரு வருடம் இப்படி அனுப்பிப் பார்த்தால் சொந்த எந்திரம் தேவையா என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். தேவை என்றாகிவிட்டால், தனியாக வாங்குவதைவிட நாலைந்து கிளினிக்குகளோ ஒரு பல் மருத்துவக் கல்லூரியோ சேர்ந்து வாங்குவது எவ்வளவோ மேல்.

இல்லை, முன்பதிவு செய்தே தீருவேன் என்றால், பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை இவை. உங்கள் நாட்டில் பல், தாடைப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பிட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், "மருத்துவ எம்.ஆர்.ஐ. அனுமதி" என்ற பொதுவான வரி போதாது. பணம் அவர்கள் கையில் இல்லாமல் மூன்றாவது தரப்பின் கணக்கில் இருந்தால் நல்லது, புது நிறுவனம் மூடிப்போனால் ஒப்பந்தத்தைக் காட்டி யாரிடம் கேட்பீர்கள்? எந்திரம் நின்றால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், மென்பொருளுக்கு வருடக் கட்டணம் உண்டா, கடைசியில் அந்தக் காந்தத்தை யார் எடுத்துப் போவார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். பூத்தொட்டியைத் தூக்கி வெளியே வைப்பது மாதிரி காந்தத்தைத் தூக்கிப் போட முடியாது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் கட்டட உரிமையாளரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பலரும் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். உயிருள்ள ஒரு மனிதர், வாயில் ஒரு மெட்டல் கேப்பும் ஒரு ரூட் கேனலும் இருப்பவர், உங்களுடையதைப் போன்ற சாதாரண கிளினிக் அறை, பத்து நிமிடத்துக்குள் எடுத்த படம். கூடவே அதே ஆளின் சி.பி.சி.டி. படம். இரண்டையும் டைகாம் கோப்பாகவே (ஸ்கேன் படங்களின் அசல் கணினிக் கோப்பு) தரச் சொல்லுங்கள், விளம்பரத் தாளில் அச்சிட்ட படம் வேண்டாம். வந்தால் பெயர், விவரங்களை நீக்கிவிட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.